இசைப்பிரியாவின் அளவு ஜாக்கெட்

எங்கள் அம்மாவுக்குப் புத்தி இருக்கிறதா இல்லையா என்று யாராவது கேட்டால், இருக்கிறது, ஆனால் வேண்டாத இடத்தில்தான் வேலை செய்யும் என்று சொல்வேன். இல்லாவிட்டால், மாப்பிள்ளை வீட்டார் என் அளவு ஜாக்கெட்டைக் கேட்டபோது, பெரியம்மா மகள் இசைப்பிரியாவின் ஜாக்கெட்டை மஞ்சள் பையில் சுருட்டிப் போட்டுக் கொடுத்திருப்பாளா?

எங்களில் முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. புடவை மட்டும் போதாது, அதற்கு ஜாக்கெட்டும் அவர்களே தைத்துக்கொண்டு வர வேண்டும். அதற்காக நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டிலிருந்து ஓர் அளவு ஜாக்கெட் வாங்கிப் போவார்கள். ஆனி மாதம் எனக்கு நிச்சயம் நடந்த அன்று, மாப்பிள்ளை வளவனின் அம்மா கஸ்தூரியம்மாள் அதைக் கேட்டதும் நான் பீரோவைத் திறக்க உள்ளே போனேன். அதற்குள் அம்மா பையோடு கூடத்துக்குப் போய்விட்டாள். முதல் நாளே பெரியம்மா வீட்டுக்குப் போய் வாங்கி வந்து ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். இசைப்பிரியா இரண்டு பிள்ளை பெற்றவள். அவள் ஜாக்கெட்டுக்குள் என்னைப் போட்டால் இன்னொரு ஆளும் உள்ளே வரலாம்.

எல்லோரும் போன பிறகு நான் கத்தினேன். அம்மா அசையவில்லை.

"கத்தாதடி அபி. மொதல்ல வந்த வெருதாலம் சம்பந்தம் ஏன் போச்சு? நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்க்கத் தேவையே இல்லை, மறந்தால்தானே. அந்த விருத்தாசலத்து அம்மாள் தரகரிடம், "பொண்ணு படிச்சிருக்கு, நெறமும் பரவால்ல, ஆனா ஒடம்புல ஒண்ணுமே இல்லியே" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு வந்த இடம் காரணம் சொல்லாமலே நின்றுபோனது. காரணத்தை அம்மாவே போட்டு நிரப்பிக்கொண்டாள்.

எனக்கு மார்பு சிறியது. அவ்வளவுதான் விஷயம். மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன், இருபத்தேழு வயது, எந்த நோயும் இல்லை, நாலு பேர் சாப்பாட்டை ஒண்டியாக ஆக்குவேன். இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, தராசின் அந்தப் பக்கத்தில் இந்த ஒரு விஷயத்தை வைத்தார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து பலகை, பலகை என்று கேட்டு வளர்ந்தவளுக்கு இது புதிதில்லை. ஆனால் பெற்ற தாயே பலகை என்று முடிவு கட்டி, பக்கத்து வீட்டுக் குடத்தைக் காட்டுவது போல அடுத்தவள் ஜாக்கெட்டைக் காட்டியதை என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா ஏன் அப்படிப் பதறினாள் என்றால், மாப்பிள்ளை பர்மனென்ட். நெய்வேலியில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே சுரங்கத்தில், ஒரே புழுதியில், ஒரே ஷிப்டில் இரண்டு பேர் வேலை செய்வார்கள். ஒருவன் பர்மனென்ட். அவனுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், குடும்பத்துக்கே வைத்தியம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இன்னொருவன் கான்ட்ராக்ட். அவனுக்கு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடும் முதுகுவலியும். என் அப்பா கலியன் இருபத்திரண்டு வருஷமாக கான்ட்ராக்ட். அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்ற பேச்சை நான் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன்.

அதனால் பர்மனென்ட் மாப்பிள்ளை என்றதும் அம்மாவுக்குக் கண்மண் தெரியவில்லை. மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் டவுன்ஷிப்புக்குள் போன அன்று, அந்தக் குவார்ட்டர்ஸின் கொய்யா மரத்தையும் தண்ணீர்க் குழாயையும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள். "தண்ணி நிக்கவே நிக்காதாமே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கல்யாணம் ஆவணியில். ஆடி பிறந்ததும் அம்மாவுக்கு அடுத்த பயம் வந்தது. கல்யாணத்தன்று நாத்தனார்தான் எனக்கு முகூர்த்தப் புடவை உடுத்தி விடுவாள். அந்த ஜாக்கெட் தொளதொளவென்று தொங்குமே! பஞ்சு வைத்த பாடி கடையில் விற்கிறது, அதைப் போட்டுக்கொள்கிறேன் என்றேன், எரிச்சலோடுதான்.

"கல்யாணத்துக்குச் சரி. அதுக்கப்புறம்? அவன் கிட்ட எத்தினி நாளைக்குப் பஞ்சு வெச்சு மறைப்ப? மோசம் பண்ணிட்டாங்கன்னு கொண்டாந்து வுட்டுட்டான்னா?"

"நீ பண்ணது மோசந்தானே!"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் நாலு நாள் கழித்துப் பதிலோடு வந்தாள். மத்தியானம் டிவியில் ஒரு டாக்டர் நிகழ்ச்சி வருமாம். பெயர் சொல்ல விரும்பாத பெண்கள் போன் போட்டு மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷனைப் பற்றிக் கேட்பார்களாம். நான் பள்ளிக்குப் போன நேரத்தில் அம்மா அதைப் பார்த்து, பாண்டிச்சேரி கிளினிக்கின் நம்பரையும் எழுதி வைத்திருந்தாள். என் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினோரு கேள்விகளும் எழுதியிருந்தாள். ஐந்தாவது வரை படித்தவள், மளிகைச் சாமானைத் தவிர வேறு எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

போக மாட்டேன் என்று இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று புடவையை இழுத்து இழுத்துச் சரிசெய்த பத்து வருஷத்தை ஒரு டாக்டர் ஒரே நாளில் மாற்றிவிடுவாரோ என்ற ஆசை. அப்பாவிடம் பாத்திரம் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சிரிக்காமல், ஆனால் மரியாதையாகப் பேசினார். அம்மா நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உள்ள இன்னா வெப்பீங்க டாக்டரம்மா?"

சிலிக்கான் பை என்று சொல்லி, மேஜை மேலிருந்த ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். மெத்தென்று, குளிர்ச்சியாக இருந்தது. அதை அமுக்கிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அடுப்பாண்ட நின்னா உருகிடுமா?"

"உருகாதும்மா. தாராளமா சமைக்கலாம்."

"அமுங்கினா வெடிச்சிடாதா?"

"சாதாரணமா வெடிக்காது. ஆனா நாள்பட்டுக் கிழியலாம். கிழிஞ்சா எடுக்கணும். சில பேருக்குச் சுத்தி இருக்கிற சதை இறுகி, கல்லு மாதிரி ஆகிடும். அதுக்கும் மறுபடி ஆபரேஷன்தான்."

அம்மா விரலை வைத்து அடுத்த வரிக்குப் போனாள். "கொழந்தைக்குப் பால் குடுக்கலாமா?"

"பெரும்பாலும் குடுக்கலாம். எல்லாருக்கும் முடியும்னு உறுதி சொல்ல மாட்டேன். உணர்ச்சி கொஞ்சம் குறையலாம். எங்க ஸ்கேன் எடுத்தாலும் உள்ள வெச்சிருக்கிறதைச் சொல்லணும். அபூர்வமா ஒரு வகைப் புத்துநோயும் வருதுன்னு இப்போ சொல்றாங்க. அதையும் நான் மறைக்கக் கூடாது."

"ஒரு வாட்டி வெச்சிட்டா ஆயுசுக்கும் இருக்குங்களா?"

"இருக்காது. பத்து, பதினஞ்சு வருஷத்துல மாத்த வேண்டி வரலாம்."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப பர்மனென்ட் இல்லீங்களா?"

நான் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். பர்மனென்ட் மாப்பிள்ளைக்காக வந்த இடத்தில், உடம்புக்குள் வைப்பதுகூட கான்ட்ராக்ட்தான்! அம்மா என் தொடையில் கிள்ளினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அத்தனை தூரம் பஸ் ஏறி எதற்கு வந்தாளோ அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"புருஷன் தொட்டா தெரிஞ்சிடுங்களா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தழும்பு இருக்கும்மா. கண்ணுக்கும் தெரியலாம், கைக்கும் தெரியலாம். புருஷன்கிட்ட மறைக்கிறதுக்குன்னு பண்ற ஆபரேஷன் இல்ல இது. கல்யாணம் எப்போ?"

"இன்னும் அஞ்சு வாரம்."

"அஞ்சு வாரத்துல நான் பண்ண மாட்டேன். வீக்கம்கூட முழுசா வடியாது. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அம்மா போன பிறகு அவர் என்னைப் பார்த்து, "உனக்கு வேணுமாம்மா?" என்றார்.

வேண்டாம் என்று பட்டென்று சொல்லியிருந்தால் இன்றைக்கு நானும் கொஞ்சம் தலைநிமிர்ந்து இந்தக் கதையைச் சொல்லலாம். "தெரியல டாக்டர்" என்றுதான் சொன்னேன்.

"தெரிஞ்சப்புறம் வா. உனக்காகன்னு வந்தா பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடலூர் தாண்டியும் நிறுத்தவில்லை. "நான் பட்டது நீ படக் கூடாதுன்னுதாண்டி இத்தினியும்" என்றாள். எனக்கு அவள்மேல் பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு பொய்யை மறைக்க என் நெஞ்சைக் கிழிக்கப் பார்த்தவளுக்காக நான் எதற்கு அழ வேண்டும்? கல்யாணத்துக்கு முன்னால் வளவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அந்த பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். அவன் வேண்டாம் என்றால் போகட்டும். பயந்து பயந்து ஒருத்தனோடு குடும்பம் நடத்த என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முதல் ஷிப்ட். முடிந்ததும் மூன்று மணிக்கு மெயின் பஜார் ஜூஸ் கடைக்கு வரச் சொன்னேன். குளித்துத் தலை வாரிக்கொண்டு வந்தான். நிச்சயத்துக்குப் பிறகு நாங்கள் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அதிகம் பேச மாட்டான். ஆனால் நான் பள்ளிக்கூடக் கதைகளைச் சொன்னால் கடைசிவரை கேட்பான், மறுநாள் அந்தப் பையன் கணக்கு போட்டானா என்று மறக்காமல் விசாரிப்பான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "எங்கம்மா குடுத்த அளவு ஜாக்கெட் என்னோடது இல்லீங்க. எங்க அக்காவோடது" என்றேன்.

அவன் ஜூஸ் கிளாஸைப் பார்த்துச் சிரித்தான். "தெரியுங்க."

"எப்படி?"

"அம்மா அன்னிக்கே வூட்டுல விரிச்சுப் பாத்துட்டு, இது அந்தப் பொண்ணோடது இல்லன்னாங்க. எனக்கும் கண்ணு இருக்குதில்லீங்களா? உங்கள நேர்ல பாத்துட்டுத்தானே சரின்னு சொன்னேன். பேசாம வுடுங்க, சரியான அளவ அப்புறமா கேட்டு வாங்கிக்கலாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது. இதற்காகவா ஒரு மாதம் தூக்கமில்லாமல் கிடந்தேன்! பாண்டிச்சேரி போனது, டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் முகம் மாறியது.

"ஆபரேஷனா? வலிக்குமேங்க!"

அம்மா எழுதிய பதினோரு கேள்வியில் வலி இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவன் அப்படிச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டேன்.

"அதெல்லாம் வேணாங்க. எனக்கு இப்படியே போதும்" என்றான். ஸ்ட்ராவை வளைத்து வளைத்து உடைத்தான். "நீங்க இவ்வளவு தெகிரியமா வந்து சொல்லிட்டீங்க. நானும் ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சுக்கினுதான் இருந்தேன்."

"சொல்லுங்க."

"நான் பர்மனென்ட் இல்லீங்க. கான்ட்ராக்ட்தான். ஒம்போது வருஷமாச்சு. நீங்க வூடு பாக்க வந்தீங்களே, அது எங்க சித்தப்பா குவார்ட்டர்ஸ். நாங்க இருக்கிறது கம்மாபுரத்துல. ரெண்டு எடம் கான்ட்ராக்ட்னு தட்டிப் போச்சுங்க. அதான் அம்மா அப்படிச் சொல்லிட்டாங்க."

அந்த நிமிஷம் என் மனதில் என்ன ஓடியது என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இவனுக்காகவா நான் கத்திக்குக் கீழே படுக்கப் பார்த்தேன் என்றுதான் ஓடியது. எனக்கு வலிக்குமே என்று பதறியவனைப் பார்த்து அப்படி நினைத்தேன்!

"ஏமாத்திட்டீங்க" என்றேன்.

"நீங்களுந்தானேங்க."

"அது எங்கம்மா பண்ணது."

"இது எங்கம்மா பண்ணது" என்று சொல்லிவிட்டு, நானும் சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை.

"ஜாக்கெட்டும் வேலையும் ஒண்ணாங்க?"

"இல்லதாங்க" என்றான். "வேலை பெருசுதான். ஆனா பர்மனென்ட் லிஸ்டுல பேரு வரும்னு சொல்றாங்க. இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம்."

அந்த வாக்கியத்தை எத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறேன்! அவன் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். "யோசிச்சுச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து சொன்னான். நான் திரும்பவில்லை.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அன்று முதல் ஷிப்ட்தான், வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. அம்மா அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். பாண்டிச்சேரி முதல் ஜூஸ் கடை வரை நடந்தது எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தேன். அம்மாவின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"அடப் பாவிகளா! யாரு வூட்டயோ காட்டி ஏமாத்தினு இருந்தாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த நிமிஷமே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேள, கத்தி வெக்கல. போனா போறான், வுடு. வேற எடம் பாப்பம். இப்ப அவசரமும் இல்ல, ஆபரேசனுக்கு டாக்டரம்மா கேட்ட நாளும் கெடைக்கும்."

நான் கையை உதறவில்லை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். ஆபரேஷன் விஷயமே அவருக்கு அன்றுதான் தெரியும். அம்மாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததோடு சரி.

"பையன் ஜாக்கெட்டு விசயம் தெரிஞ்சும் உன்ன வேணாம்னு சொல்லலியா?"

"இல்ல."

"ஆபரேசன் வேணாம்னு சொன்னானா?"

"ஆமா."

"அவனே வாயத் தொறந்து உண்மையச் சொல்லியிருக்கான். நல்ல பையனாத்தாம்மா தெரியறான். அப்புறம் இன்னா? கட்டிக்க."

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அம்மாவிடம் காட்ட வேண்டியது, வளவனிடம் காட்ட வேண்டியது, அந்த விருத்தாசலத்து அம்மாளிடம் காட்ட வேண்டியது எல்லாம் சேர்ந்து அந்த மனுஷன்மேல் வந்தது.

"கான்ட்ராக்ட்காரனக் கட்டிக்கினு நானும் அடுத்த வருசம், அடுத்த வருசம்னு சாகணுமா? அம்மா உன்னக் கட்டிக்கினு பட்டது பத்தாதா?"

அப்பாவின் கை அப்படியே சோற்றில் நின்றது. அம்மா, "அபி!" என்றாள். அவ்வளவுதான், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுப்பாள் என்று அப்பா அவள் முகத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பாதிச் சோறு மீதியிருக்க அவர் தட்டிலேயே கை கழுவினார்.

"உனக்கு வேணாம்னா வேணாம்மா" என்றார். அம்மாவிடம், "போன் போட்டு மரியாதையா சொல்லிடு. அந்தப் பையனத் திட்டாத" என்றார்.

அதற்குப் பிறகு அப்பா என்னோடு பேசாமல் இருந்தார் என்று நினைக்காதீர்கள். பேசுகிறார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று சொல்கிறார். தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் வேலைச் சட்டையை வெளியே குழாயடியில் கழற்றி, எங்கள் கண்ணில் படாமல் கொல்லைப்புறத்தில் போட்டுவிட்டு, பனியனோடுதான் வீட்டுக்குள் வருகிறார்.